பக்கெட்டில் ஜெயிக்கிற சென்சார்

மினி ப்ராஜெக்ட் தலைப்பு தேடுற சீசன் வந்தாச்சு. எந்த பேட்ச்சா இருந்தாலும் ஒரு டீமாவது "தொழிற்சாலைத் தொட்டிகளுக்கான திரவமட்டக் கண்காணிப்பு"ன்னு எழுதிக் கொடுக்கும். ஒரு ஆர்டுயினோ, ஒரு அல்ட்ராசானிக் மாட்யூல், ஒரு நீல பக்கெட், அதுல குழாய்த் தண்ணி. டெமோ அன்னைக்கு பளிச்சுனு வேலை செய்யும். நானும் அதைத்தான் செஞ்சேன், மார்க்கும் வாங்கினேன். ஆனா அந்தத் தலைப்புல "தொழிற்சாலை"ங்கிற வார்த்தையைப் போட எனக்கு உரிமை இல்லைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

என் ஊர் கலவை. ஆற்காடு போற பஸ்ல ஏறினா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தோல் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போறவங்க யாராவது கூட வருவாங்க. போன லீவுல நானும் அப்படி ஒரு கம்பெனியில பயிற்சிக்குப் போனேன். பேரு வேண்டாம். கழிவுநீர்த் தொட்டி மேல ஒரு அண்ணன் மூங்கில் கழியோட நின்னுட்டு இருந்தார். கழியை உள்ள விட்டு எடுத்து, நனைஞ்ச இடத்தைப் பார்த்து பம்ப்பைப் போட்டார். "சென்சார் இல்லையாண்ணா?"ன்னு கேட்டேன். "இருக்கு தம்பி. அது எப்பவும் ஃபுல்லுன்னுதான் சொல்லும். ஒயரைக் கழட்டி விட்டுட்டோம்"னார்.

அந்தத் தொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. தோலை ஊறவெச்ச உப்புத் தண்ணி, முடி உதிர்க்கிறதுக்குப் போட்ட சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், முடி, கொழுப்பு, சதைத் துணுக்கு, குரோமியம், மேல ஒரு அடிக்கு நுரை. (எங்க ஊர் பேரையே வெச்சிருக்கலாம் அதுக்கு.) இதுல நம்ம பக்கெட் சென்சாரை மாட்டினா என்ன ஆகும்? நுரை ஒலியை விழுங்கிடும். முகப்புல நீராவி படிஞ்சா எதிரொலி குழம்பிடும். ஒலியின் வேகம் 20 டிகிரியில நொடிக்கு சுமார் 343 மீட்டர், 35 டிகிரியில சுமார் 352. வெப்பநிலைத் திருத்தம் இல்லாத கோட் எழுதினா இதுலேயே ரெண்டரை சதவீதம் போச்சு. அதைவிட மோசம், சென்சாருக்கு ரொம்பப் பக்கத்துல வர்ற திரவத்தை அதால அளக்கவே முடியாது. அதாவது தொட்டி வழியப் போற நேரத்துலதான் அது கண்ணை மூடிக்கும்.

சரி, ஃப்ளோட் சுவிட்ச்? மலிவு, எளிமை, சுத்தமான தண்ணிக்கு நல்லது. இங்க முடி சுத்திக்கும், கொழுப்பு ஒட்டிக்கும், அப்படியே நின்னுடும். மின்கடத்து கம்பியா? உப்பும் சுண்ணாம்பும் படிஞ்சு, திரவம் இறங்கின பிறகும் "ஃபுல்" காட்டும். அந்த அண்ணன் ஒயரைக் கழட்டினது இதனாலதான். பொய் அலாரம் அடிக்கிற சென்சாரை எந்த ஆபரேட்டரும் ஒரு வாரத்துக்கு மேல நம்ப மாட்டார், அது அவர் தப்பும் இல்லை. மேலிருந்து பார்க்கிற ராடார் இந்த வேலைக்குத் தேவலாம், ஆவியும் வெப்பமும் அதை அவ்வளவா பாதிக்காது. அடர்ந்த ஈர நுரைன்னா அதுவும் திணறும். அடியில வைக்கிற அழுத்த சென்சாருக்கு நுரைக் கவலை இல்லை, ஆனா அது அளக்கிறது உயரத்தை இல்லை, எடையை. தண்ணிக்கு காலிபரேட் பண்ணிட்டு 1.2 அடர்த்தி உள்ள சேற்றுல போட்டா 20 சதவீதம் கூட காட்டும். வழியாம தடுக்கணும்னா பரவாயில்லை. பம்ப் காலியா ஓடாம தடுக்கணும்னா ஆபத்து.

அடர்த்தியைச் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2005 மார்ச் 23-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கோபுரத்துக்குள் திரவம் 150 அடிக்கு மேல் ஏறிடுச்சு. மட்டமானி 10 அடிக்கும் கீழே இருக்குன்னு காட்டிச்சு, அதுவும் இறங்கிட்டே வர்ற மாதிரி. வேற அடர்த்திக்கு காலிபரேட் ஆன கருவி அது. 15 பேர் செத்தாங்க. அதே வருஷம் டிசம்பர் 11-ல் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் பெட்ரோல் தொட்டியின் மானி சிக்கிக்கிட்டு ஒரே அளவைக் காட்டிச்சு. தனியா இருந்த உயர்மட்ட சுவிட்ச்சும் வேலை செய்யலை. அதன் சோதனை நெம்புகோலைப் பிடிச்சு வைக்க வேண்டிய ஒரு பூட்டைப் போடாம விட்டிருந்தாங்க. விலை கூடின கருவி வாங்கினா போதும்னு சொல்றவங்களுக்கு அந்தப் பூட்டைத்தான் நான் காட்டுவேன்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 2015 ஜனவரி 31, விடியறதுக்கு முன்னாடி, ராணிப்பேட்டை சிப்காட் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு விழுந்துச்சு. பக்கத்துக் கம்பெனியில தூங்கிட்டு இருந்தவங்க மேல சேறு பாய்ஞ்சு 10 பேர் இறந்தாங்க. பெரும்பாலோர் மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள். ஒரு சென்சார் இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்கன்னு நான் சொல்லலை. சுவரோட பலம் எந்த லெவல் சுவிட்ச்சுக்கும் தெரியாது. ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க: திரவ உயரம் 20 சதவீதம் கூடினா சுவர் மேல விழுற மொத்த விசை 44 சதவீதம் கூடும், அதைச் சாய்க்கிற திருப்புத்திறன் 73 சதவீதம். அதனால உயர்மட்ட சுவிட்ச் எந்த உயரத்துல இருக்கணும்னு முடிவு பண்ண வேண்டியது தொட்டி விளிம்பைப் பார்த்து இல்லை, சுவரை டிசைன் பண்ணின சிவில் இன்ஜினியரைக் கேட்டு. நம்ம ப்ராஜெக்ட் டீம்ல எத்தனை தடவை சிவில் பசங்களைச் சேர்த்திருக்கோம்?

இன்னொரு விஷயம் எந்த டேட்டா ஷீட்டிலும் பெரிசா இருக்காது. சிக்கின ஃப்ளோட்டை யார் எடுக்கிறது? ஒருத்தர் உள்ள இறங்கணும். சல்பைடு இருக்கிற தண்ணியோட அமிலத் தண்ணி கலந்தா ஹைட்ரஜன் சல்பைடு வரும். காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். செறிவு 100 பிபிஎம் தாண்டினா மூக்கு மரத்துப் போய் அழுகின முட்டை வாசனையே தெரியாது, "வாசனை போயிடுச்சு"ன்னு இறங்குவாங்க. அதனால என் முதல் கேள்வி விலையோ துல்லியமோ இல்லை. இதைக் கழட்ட, கழுவ, ஆள் உள்ள இறங்கணுமா? ஆமாம்னா அந்த சென்சார் வேண்டாம். ரெண்டாவது, பம்ப்பை ஓட்டுற சென்சாரே அலாரத்தையும் அடிக்கக் கூடாது, தனித்தனியா இருக்கணும். மூணாவது, அலாரம் சர்க்யூட் சாதாரணமா மூடியிருக்கணும். ஒயர் அறுந்தா அமைதியாகக் கூடாது, கத்தணும். இதுக்கு லட்ச ரூபா வேண்டாம், ரிலேவோட இன்னொரு காண்டாக்ட்டுல ஒயரை மாத்தினா போதும்.

இந்த வருஷமும் அதே தலைப்பை எடுக்கப் போறீங்கன்னா தாராளமா எடுங்க. பக்கெட்டுல மட்டும் குழாய்த் தண்ணி வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டு நீத்த சுண்ணாம்பைக் கரைங்க, ரெண்டு கைப்பிடி உப்பு, ஒரு பாட்டில் ஷாம்பு, சலூன்ல கூட்டித் தள்ளின முடி ஒரு பை. நல்லா கலக்கி நுரை கட்ட விட்டு, சென்சாரை மாட்டி, பத்து நாள் தொடாம விடுங்க. டெமோவை பதினோராவது நாள் வைங்க.