வெயிலின் மீது பழி போடலாமா?



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளில் வெடிவிபத்து நிகழும்போதெல்லாம், மருந்தில் உராய்வு ஏற்பட்டதே காரணம் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. கோடைக்காலமாக இருந்தால் கடும் வெயிலும் காரணமாகச் சேர்ந்துகொள்கிறது. இறந்தோர் குடும்பத்திற்கு நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. அடுத்த விபத்து வரை நாமும் மறந்துவிடுகிறோம்.

வெயில் உண்மையிலேயே காரணமா? ஓரளவு ஆம். பட்டாசு மருந்தில் கந்தகம், அலுமினியப் பொடி போன்ற எரிபொருளும், அவை எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் உப்பும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தீப்பிடிக்க அது குறிப்பிட்ட வெப்ப அளவை எட்ட வேண்டும். சுற்றுப்புறம் சூடாகச் சூடாக அந்த எல்லை நெருங்கி வருகிறது. காலையில் தாங்கிய உராய்வை, தகரக் கூரையின் கீழ் உச்சி வேளையில் அதே மருந்து தாங்காமல் போகலாம். வறண்ட காற்றில் உடலிலும் துணியிலும் சேரும் நிலைமின்சாரத்தின் ஒரு பொறியே போதும். மழைக்காலத்திலோ வேறு ஆபத்து. ஈரம் பட்ட அலுமினியப் பொடி தானாகவே சூடேறும். ஆகவேதான் மருந்தைக் குளிர்ந்த காலை வேளையில் கலக்க வேண்டும், அன்றைய தேவைக்கு மட்டும் கலக்க வேண்டும், மீதியை இரவில் வைக்கக் கூடாது, பருத்தி ஆடை அணிய வேண்டும் என்றெல்லாம் சொல்லப்படுகிறது.

மழை குறைந்த வறண்ட பூமி என்பதால்தான் இத்தொழில் அங்கே வேரூன்றியது. வாழ்வு தந்த அதே வெயில் ஏன் உயிரையும் பறிக்கிறது? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவிக்கு ஓடியவர்களும் அவர்களில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டுமே கோடை மாதங்கள் அல்ல. எனவே வெயிலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. அறைக்குள் அனுமதிக்கு மேல் ஆட்கள், மரத்தடியில் வேலை, உரிமம் பெற்றவர் பிறருக்கு விடும் உள்குத்தகை, எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் வரும் அவசரம், தீபாவளி நெருக்கடி ஆகியவை மனிதர் செய்பவை. வெயில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஆபத்துக்கு ஏற்பாடு செய்யாமல் இருந்துவிட்டு, அதை விதி என்று சொல்லலாமா?

புதுவீடு கட்டுகிறவர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், இல்லையேல் விழுந்தவரின் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்கிறது இறைச்சட்டம் (இச 22:8). விழுந்தவர் கவனமாக இருந்தாரா என்று அது முதலில் கேட்கவில்லை. சுவர் இருந்ததா என்றே கேட்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார் ஆண்டவர். கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனம்மாற அழைத்தார் (லூக் 13:4-5). இறந்த தொழிலாளியின் கவனக்குறைவைப் பேசும் நமக்கும் அந்த அழைப்பு பொருந்தாதா?

பட்டாசை வெறுத்து ஒதுக்குவதால், வேறு வேலை தெரியாத பெண்களின் அடுப்பு எரியாது. ஆனால் நம்மால் இயன்றது உண்டு. நம் ஆலயத் திருவிழாவின் தேர்ப்பவனிக்கும் வாணவேடிக்கை வைக்கிறோம். உரிமம் பெற்றவரிடம்தான் வாங்குகிறோமா? மலிவு விலைக்காகத் திருட்டுத்தனமாகச் செய்ததை வாங்கினால் அந்த உயிர்களின் விலையில் நமக்கும் பங்குண்டு. வாங்கியதை வெயில் படும் அறையிலோ மெழுகுதிரிகளுக்கு அருகிலோ வைக்காதிருப்போம். நமத்துப்போன வெடிகளை மொட்டை மாடியில் காயவைக்கும் பழக்கத்தை வீடுகளில் நிறுத்துவோம். பட்டாசு ஆலைகள் உள்ள பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் பாதுகாப்பு விதிகளையும் தொழிலாளர் உரிமைகளையும் பற்றிப் பேசட்டும். வெயில் நேரத்தில் வேலை செய்ய மறுக்கும் தொழிலாளி கூலி இழக்காதிருக்கக் குரல் கொடுப்போம்.

வெடிமருந்தோடு உழைப்போரின் பாதுகாவலியாகிய புனித பார்பராவின் வேண்டுதலை நாடுவோம். காலையில் வேலைக்குப் புறப்பட்ட தாய் மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்று செபிப்போம். அதற்கான கைப்பிடிச் சுவரைக் கட்டவும் முன்வருவோம்.