எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின்

சென்ற வாரம் நமது வகுப்பு மாணவன் ஒருவன் படம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். ஜென்ஸென் இன்டர்ஸெப்டர் என்னும் ஆங்கிலேய மோட்டாரின் படம். தாழ்ந்த உடல், நீண்ட மூக்கு, நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவது போன்ற பாவனை. "இது நம் பக்கம் வந்ததுண்டா, ஸார்?" என்று கேட்டான். "அது கிடக்கட்டும், அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையான வண்டியை நமது எண்ணூரிலேயே பூட்டியிருக்கிறார்கள்" என்றோம். பையன் நம்பவில்லை. நேயர்களும் நம்ப மாட்டார்களோ என்னவோ!

விஷயம் இதுதான். ஜென்ஸென் சகோதரர்கள் இருவர் வண்டிக்கு உடல் கட்டும் தொழிலாளிகள். 1950 முதல் 1957 வரை அவர்கள் இந்த மோட்டாரைச் செய்தார்கள். எண்ணிக்கை நூற்றைக்கூட எட்டவில்லை. அங்கம் ஜென்ஸெனுடையது; உள்ளே துடித்த நான்கு லிட்டர் இருதயமோ ஆஸ்டின் கம்பெனியுடையது. இதன் அழகைக் கண்ட ஆஸ்டின் தலைவர் லெனார்டு லார்டு, தமது சிறிய ஏ-40 வண்டிக்கும் இப்படி ஓர் உடல் வேண்டும் என்றார். அலுமினியத்தில் பிறந்தது ஏ-40 ஸ்போர்ட்ஸ். சுமார் நாலாயிரம் வண்டிகளோடு அதுவும் நின்றது. 1951-ல் முப்பது நாளில் அதில் உலகைச் சுற்றிவர முடியாது என்று லார்டு பந்தயம் கட்டினார். இருபத்தொரு நாளில் சுற்றிவிட்டது. கடல் குறுக்கிட்ட இடங்களில் வண்டியைச் சுமந்தது ஆகாய விமானம். அதையும் வண்டியின் பெருமையில் சேர்ப்பது வியாபாரிகளின் கணக்கு!

நிற்க. அந்த ஏ-40 குடும்பத்தின் மூத்த பிள்ளை, 1947-ல் வெளிவந்த நாலு கதவு டெவன். இயந்திரம் 1200 கன சென்டிமீட்டர். சுமார் நாற்பது குதிரைச் சக்தி. இதைப் பூட்டுவதற்கென்றுதான் 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. தோற்றுவித்தவர் ரகுநந்தன் சரண், சுதந்திரப் போரில் ஈடுபட்டவர். நவீனத் தொழிலில் இறங்கும்படி அவரைத் தூண்டியவர் நேரு. கம்பெனிக்கு அவர் இட்டது தம் புதல்வனின் பெயர். மீன்பிடி குப்பமாயிருந்த எண்ணூரில் பட்டறை எழுந்தது. 1949-ல் முதல் ஏ-40 வெளியே உருண்டது.

உருண்டது உண்மை, ஆனால் அது நமது வண்டியா? சீமையிலிருந்து கப்பலில் வந்த உறுப்புகளைப் பெட்டியைத் திறந்து எடுத்து, திருகாணி முறுக்கி நிறுத்தினால் அது பூட்டுதல், செய்தல் ஆகாது. சமையற்காரனுக்கும் பரிமாறுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அது. மேலும், அன்று அந்தக் காரில் ஏறக்கூடியவர்கள் எத்தனை பேர்? முறுக்கிய கைகளுக்கு உரியவர்கள் அல்லர் என்பது நிச்சயம்.

இந்தச் சங்கடம் சரணுக்கும் புலப்பட்டிருக்க வேண்டும். லாரியும் பஸ்ஸும் செய்யும் லேலண்ட் கம்பெனியோடு பேச்சைத் தொடங்கினார். பேச்சு முடியுமுன் விமான விபத்தில் மாண்டார். காரியம் நிற்கவில்லை. உறுப்புகளைப் படிப்படியாக இங்கேயே செய்யாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953-ல் சர்க்கார் கொள்கை வகுத்தது. அமெரிக்க ஜாம்பவான்களே மூட்டை கட்டினார்கள். எண்ணூர் தங்கிவிட்டது. 1954-ல் ஆண்டுக்கு ஆயிரம் 'காமெட்' வண்டிகள் செய்ய அநுமதி கிடைத்தது. மறு ஆண்டு பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1967-ல் 'டைட்டன்' என்ற மாடி பஸ் புறப்பட்டது. ஆஸ்டின் போன வழி தெரியவில்லை.

"அழகான காரை விட்டுவிட்டார்களே, ஸார்!" என்றான் பையன். அவன் குரலில் மெய்யான துக்கம் இருந்தது. நமக்கும் சற்று இருக்கத்தான் செய்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. படத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, எண்ணூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.