துப்பாக்கிக்கு இருக்கும் கட்டுப்பாடு நஞ்சுக்கும் வேண்டும்

தஞ்சாவூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



தேர்தல் தேதி அறிவித்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது. யாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வேண்டுபவர் உங்களிடம்தான் மனுப் போட வேண்டும். எதற்காக வேண்டும் என்று சொல்ல வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும். 2019இல் சட்டத்தைத் திருத்திய பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இவ்வளவு கட்டுப்பாடும் சரிதான்.

அதே மனிதர் கடைத்தெருவில் பூச்சிமருந்து கேட்டால் என்ன நடக்கிறது? "எந்தப் பயிருக்கு?" என்று கடைக்காரர் கேட்டாலே அதிகம். அந்த பாட்டிலை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் கடும் நஞ்சு. மேல்பாதியில் மண்டையோடு போட்டிருப்பார்கள். கூடவே வரும் துண்டுக் காகிதத்தின் எழுத்து, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்து. குறுவைக்கு அடித்தது போக மிச்சம் சம்பாவுக்கு ஆகட்டும் என்று மாட்டுக் கொட்டகை எரவாணத்தில் செருகி வைப்போம். எங்கள் பகுதியில் அநேகமாக எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம். வீட்டில் உள்ள எல்லாருக்கும் அது இருக்கும் இடம் தெரியும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும்கூட.

2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 19,834; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் சுமார் நாலில் ஒரு சாவு நஞ்சால் வந்தது.

நஞ்சுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று பேசினால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். அரிவாளும் கொல்லும், மோட்டார் சைக்கிளும் கொல்லும், ஆற்றுச் சுழலும் கொல்லும், எதையெல்லாம் தடுப்பீர்கள் என்பார்கள். அமெரிக்காவில் துப்பாக்கிக்காக வாதாடுபவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அங்கே மேசை இழுப்பறையில் துப்பாக்கி; இங்கே எரவாணத்தில் மருந்து. மனம் உடைந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அந்த நேரத்தைத் தாண்டிப் பிழைத்துவிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. மோட்டார் சைக்கிளையும் நாம் சும்மா விடவில்லையே. அதற்கு நம்பர் உண்டு, லைசென்ஸ் உண்டு, ஹெல்மெட் உண்டு.

நம் மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையே கூடாது என்று அரசு அகற்றியது. ஓட்டுக் கட்டடமும் இடிந்து விழும், அதனால் கீற்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று அன்றைக்கு ஒருவர் வாதாடியிருந்தால் கும்பகோணம் பொறுத்திருக்குமா?

பூச்சிக்கொல்லிச் சட்டமே சாவில் பிறந்தது. 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் உணவில் பூச்சிமருந்து கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே 1968இல் அந்தச் சட்டம் வந்தது. ஆனால் அதன் 27ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்த அதிகாரம் அறுபது நாள் தடை மட்டும்; நீட்டித்தாலும் தொண்ணூறு நாள்தான். தமிழ்நாடு அரசு தற்கொலைகளைத் தடுக்க ஆறு மருந்துகளை நிறுத்தியபோது அதற்கும் ஆயுள் அறுபது நாள்தான். நெல் அறுவடைக்கு வருமுன் தடை முடிந்துவிடும். மோனோகுரோட்டோபாஸ் என்ற கொடிய பூச்சிமருந்தை இலங்கை 1995இலேயே நிறுத்தியது. கேரளம் 2011இல் நிறுத்தியது. 2013இல் பீகாரின் சாரன் மாவட்டத்தில் மதிய உணவில் அது கலந்து 23 பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அதை நிறுத்த மத்திய அரசுக்குப் பத்து ஆண்டு தேவைப்பட்டது.

இலங்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதுவும் நெல் விளையும் நாடு. 1995 வாக்கில் அங்கே லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள்; உலகிலேயே மிக மோசமான கணக்குகளில் அது ஒன்று. கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். இருபது ஆண்டில் அந்த எண்ணிக்கை சுமார் 70 சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். விளைச்சல் குறையவில்லை. 2021இல் அங்கே ரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தி விவசாயியைத் தவிக்கவிட்டது வேறு கதை. நான் கேட்பது அதையல்ல. கொல்லும் சில மருந்துகளை மட்டும் எடுத்துவிட்டு, மாற்றைக் கையில் கொடுங்கள் என்கிறேன்.

மாற்று நம்மிடம் இருக்கிறது. குருத்துப்பூச்சிக்கு விளக்குப்பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் முட்டை ஒட்டுண்ணி அட்டையும் உண்டு. எலிக்கு, மூங்கிலை வில்லாக வளைத்து வரப்போரம் வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டி இந்த மண்ணின் பெயராலேயே இருக்கிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கே இருப்பது வயலுக்கு வர ஆள் வேண்டும், உரிய நாளில் வேண்டும். புகையான் விழுந்த வயல் நாலு நாள் காத்திருக்காது. அவசரத்தில் விவசாயி மருந்துக்கடைக்கு ஓடினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

தடை போடும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது தெரியும். ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுப்பது பயன்படாது. இலங்கையில் 180 கிராமங்களில் வைத்துச் சோதித்தும் பலன் தெரியவில்லை. சாவி வீட்டிலேயே இருக்கிறதே. பக்கத்தில் காட்டுமன்னார்கோவில் பகுதியில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு ஊருக்குப் பொதுவான மருந்துக் கிடங்கு அமைத்தது. கிடங்கில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி இருந்தது, பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தார். தற்கொலை குறைந்தது. இரண்டே ஊர்களில் செய்த சிறு முயற்சிதான் என்றாலும் பின்பற்றத் தக்கது. நம் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் அதற்கு ஓர் அறை ஒதுக்கச் சொல்லுங்கள்.

சிவப்பு முத்திரை மருந்துகளையும் அதற்கு அடுத்த நிலையிலுள்ள மஞ்சள் முத்திரை மருந்துகளையும் வேளாண் அலுவலர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற விதிக்காக அரசுக்கு எழுதுங்கள். பூச்சிமருந்துக் கடைகளின் விற்பனைப் பதிவேட்டை அடிக்கடி பார்க்கச் செய்யுங்கள். 104, 14416 ஆகிய உதவி எண்களை ஒவ்வொரு பில்லிலும் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் செய்யுங்கள்.

மாதந்தோறும் நீங்கள் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் தண்ணீர், கொள்முதல், பயிர்க் காப்பீடு எல்லாம் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கிடங்குக்கு முதல் ஊராக எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
திருவையாறு வட்டம்