பெயரில் 'சுற்றுச்சூழல்' இருந்தால் போதுமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்வி, விடுதிச் செலவை அரசே ஏற்கும் என்று அப்போது அறிவிப்பு வந்தது. பட்டப்படிப்பு வரைக்கும்தான். அதற்குமேல் படிக்கப் பணம்? கருணாபுரம் முதல் கல்வராயன் மலை வரை பல வீடுகளில் இருக்கும் கேள்விதான் இது. அதனால், பிளஸ் டூ முடித்துச் சுற்றுச்சூழல் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது, ஒரே பட்டத்தோடு எந்தக் கதவு திறக்கும் என்பதை.

பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் மூன்றாண்டுப் படிப்பு. பெயர் ஈர்க்கும். ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் 'சுற்றுச்சூழல் விஞ்ஞானி' ஆக முதுகலை அறிவியல் பட்டம் வேண்டும். உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் படித்திருக்க வேண்டும்.

பலருக்கும் அதிர்ச்சி தருவது இந்திய வனப் பணித் தேர்வு. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியியல் அமைப்பைச் சொல்லும் ஜியாலஜி, கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றையாவது பட்டத்தில் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேளாண்மை, வனவியல், பொறியியலில் பட்டம் வேண்டும். இந்தப் பட்டியலில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' இல்லை! மூன்று வருடம் படித்த பிறகு இது தெரியவந்தால் எப்படி இருக்கும்?

சாதாரண பி.எஸ்சி. தாவரவியலோ வேதியியலோ இந்த விஷயத்தில் பாதுகாப்பானது. ஆலைக் கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வகங்களிலும் வேதியியல் பட்டதாரிக்கு இடமுண்டு. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குச் சர்க்கரை ஆலையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

காட்டிலேயே வேலை வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் நான்காண்டு வனவியல் பட்டம். வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வு மூலம் சேரலாம். 6 முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. காக்கிச் சட்டை மட்டுமே வேலை என்று நினைக்க வேண்டாம். நாற்றங்கால், காகித ஆலைகளுக்கான மர வளர்ப்பு என்று வெளியிலும் வாய்ப்பு இருக்கிறது.

சுற்றுச்சூழல் அறிவியலில்தான் சேருவேன் என்று பிள்ளை பிடிவாதமாக இருந்தால், சேர்க்கை நாளன்றே துணைப் பாடம் என்னவென்று கல்லூரியில் கேளுங்கள். வனப் பணித் தேர்வுக்கு அது செல்லுமா என்பதை யூ.பி.எஸ்.சி. அறிவிக்கையோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.