தோரணம் கட்டிய வீடு

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார் உ. வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது 25. அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்திருந்தது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்; அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என எதையும் விட்டுவைக்காதவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டதும் பெரிய பட்டியலையே சொன்னார். முதலியார் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். இல்லை. புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கலாம் என்றார் ஐயர். முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றைத் தேடிக் கொடுத்தேவிட்டார்.

அத்தனை வருஷப் படிப்பை ஒருவர் ஒற்றை வாக்கியத்தில் தள்ளிவிட்டால் யாருக்கும் மனம் சுருங்கும். ஐயருக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வருத்தம் சீக்கிரமே தெரிந்துகொள்ளும் ஆசையாக மாறியது. அவருடைய வாழ்க்கையின் பெரிய சந்தோஷங்கள் எல்லாம் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு வந்தவை.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி சமண காவியம். நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும், சமண சமயச் செய்திகள் வரும் இடங்களில் ஐயர் தடுமாறினார். அவரோ விபூதி பூசுகிற சைவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் படித்தவர். அந்தச் சந்தேகங்களைத் தீர்க்க ஆதீனத்தில் ஆள் இல்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டுக்குப் போனார். வாசலில் மாக்கோலம், தோரணம். வீட்டில் விசேஷமோ என்று விசாரித்தார். ஆமாம், விசேஷம்தான். பல நாட்களாக அந்த வீட்டில் ஒருவர் சிந்தாமணி படித்துப் பொருள் சொல்லிவந்தார். அன்றைக்குத்தான் அது பூர்த்தியானதாம்!

ஐயர் அச்சில் முழுமையாகப் பார்க்காத, ஏட்டில் திணறிக்கொண்டிருந்த ஒரு நூலை, நாலு தெரு தள்ளி ஒரு குடும்பம் கோலம் போட்டுக் கொண்டாடுகிறது. கல்லூரி வாத்தியாருக்குப் புதிராக இருந்த சொற்கள் அங்கே வீட்டுப் பேச்சு. ஐயர் தம் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். அவர்கள் சளைக்காமல் விளக்கினார்கள். அதன் பிறகு அடிக்கடி போய்வந்தார். கல்லூரியில் பாடம் சொல்கிறவர் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் மாணவர். அதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் எழுதியதைப் படித்தால் குதூகலம்தான் தெரிகிறது.

சிந்தாமணியை அச்சிட ஐயர் முனைந்தபோது, சைவர் ஒருவர் சமண நூலை அச்சுப் போடுவதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. சிவபக்தியில் அவர்களுக்கு ஐயர் எள்ளளவும் குறைந்தவர் அல்லர். நம்பிக்கையில் உறுதியாக நிற்பவரால்தான் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் பயமில்லாமல் உட்கார முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி தேடவேண்டியதில்லை.

இந்தக் குணம் அவருக்கு ஆசிரியரிடமிருந்து வந்தது என்றே சொல்ல வேண்டும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆழ்ந்த சைவர். அவரிடம் பாடம் கேட்டவர்களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் உண்டு, கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை உண்டு. 1876-இல் பிள்ளையவர்களின் உயிர் பிரிந்த வேளையில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் சவேரிநாத பிள்ளை. பக்கத்தில் திருவாசகம் வாசித்தவர் சாமிநாதையர். அந்த அறையில் நின்ற இளைஞர் சமணர் வீட்டுப் படியேறியதில் வியப்பு என்ன!

சிந்தாமணி 1887-இல் அச்சாகி வந்தது. அடுத்தது பத்துப்பாட்டு. அதற்குச் சுவடி தேடித் தென்பாண்டி நாட்டில் அலைந்தார். பழைய சுவடி எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிற்றை அவிழ்த்தால் ஓரம் உதிரும். ஏட்டை எடுத்தால் முறியும். எழுத்துக்குப் புள்ளி இராது; காலா, ரகரமா என்று பிரித்தறிய முடியாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் அடையாளம் இராது. பூச்சி தின்ற இடத்தில் என்ன இருந்தது என்பதை வேறொரு சுவடிதான் சொல்ல வேண்டும். அந்த வேறொரு சுவடி எந்த ஊரில், யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ!

ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீடு வீடாகப் பார்த்தும் தேடியது கிடைக்கவில்லை. ஊரில் அப்போது உற்சவம். வீதியில் எழுந்தருளிய பெருமாளிடம், இவ்வளவு தூரம் வந்தும் வெறுங்கையோடு போக வேண்டுமா என்று மனம் உருகி வேண்டிக்கொண்டார் இந்தச் சைவர். அன்று இரவே லட்சுமணக் கவிராயர் தம் மாமனார் வீட்டிலிருந்து ஒரு சுவடியைக் கொண்டுவந்தார். விளக்குக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை; நிலா வெளிச்சத்திலேயே பிரித்தார். முல்லைப்பாட்டு என்ற பெயர் கண்ணில் பட்டது. அவருடைய சுயசரிதத்தில் இதைவிட ஆனந்தமான பக்கத்தைக் காண்பது கடினம். பத்துப்பாட்டு 1889-இல் வெளிவந்தது.

பிறகு சிலப்பதிகாரம், புறநானூறு. மணிமேகலை வந்தபோது பழைய சிக்கல் வேறு உருவில் வந்தது. அது பௌத்த காவியம். கும்பகோணத்தில் போய்க் கேட்கப் பௌத்தர் வீடு கிடையாது. மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் பௌத்தக் கொள்கைகளை விளக்கினார். சைவருக்கு ஒரு வைணவர் சொன்ன பௌத்தப் பாடம்! 1898-இல் மணிமேகலை வந்தபோது அதனுடன் புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் தமிழில் எழுதிச் சேர்த்திருந்தார் ஐயர்.

உதவியவர்களை அவர் மறந்ததே இல்லை. தமக்குக் கல்லூரி வேலை கிடைக்கக் காரணமான தியாகராச செட்டியாரின் பெயரைத் தம் திருவல்லிக்கேணி வீட்டுக்கு வைத்தார். ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும், எண்பதை நெருங்கும் வயதில் உட்கார்ந்து, அவர் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதினார். சேலம் முதலியார் கேட்ட கேள்வியையும் மனத்தாங்கலாக எழுதவில்லை. தம் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட நன்மையாகவே எழுதினார். 1942-இல் 87 வயதில் காலமாகும்வரை சுவடியும் எழுத்துமாகவே இருந்தார்.

சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் அவர் சேர்த்த சுவடிகள் இருக்கின்றன. 1940 முதல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘என் சரித்திரம்’ இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. முழுவதும் படிக்க நேரம் இல்லையென்றால் சிந்தாமணி ஆராய்ச்சி பற்றிய அத்தியாயங்களையாவது படியுங்கள். படித்த கையோடு, உங்கள் தெருவில் வேறு சமயத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் போய், அவருடைய நூலில் உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேளுங்கள்.