முற்றத்தில் ஒரு சூரிய குடும்பம்



"அம்மா, சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று பிள்ளை வினவும்போது, "15 கோடி கிலோமீட்டர்" என்று விடையிறுப்பது எளிது. "போய்ப் பாடத்தைப் படி" என்று வாயடைப்பது அதனினும் எளிது. இரண்டாலும் பிள்ளைக்குப் பயனில்லை. 15 கோடி என்பது பெரியோர் மனத்திலேயே உருக்கொள்ளாத எண். சிறுபிள்ளை அதை எங்ஙனம் உணரும்? பாடநூற் படமும் இங்கே கைகொடுப்பதில்லை. தாளின் அகலத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், சூரியனும் கோள்களும் தேர்த்திருவிழாக் கூட்டம்போல் நெருங்கி நிற்கின்றன.

சேதராப்பட்டு போன்ற ஊர்களில் வாழும் நமக்குத் தாளைவிடப் பெரிய இடம் உண்டு. அதைப் பயன்படுத்துவோம். அடுக்களைப் பொருள்களே போதும்.

நார் உரித்த பெரிய தேங்காய் ஒன்றை எடுங்கள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதுவே நம் சூரியன். அப்படியானால் பூமி எவ்வளவு பெரிது? பிள்ளையையே ஊகிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சை என்று சொல்லும். பாக்கு என்று சொல்லும். பிறகு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு கடுகை அதன் உள்ளங்கையில் வையுங்கள். இறையரசுக்கு ஆண்டவர் உவமை காட்டிய அந்தக் கடுகுதான் இங்கே நம் உலகம் முழுவதும்! வெள்ளிக்கு மற்றொரு கடுகு, செவ்வாய்க்குக் கசகசா, புதனுக்கு ரவையின் சிறு துணுக்கு. வியாழன் அரைநெல்லிக்காய், சனி சுண்டைக்காய், யுரேனசும் நெப்டியூனும் மிளகு.

இனி இவற்றை வைக்கும் இடம். லாரிகள் ஓடும் பெருஞ்சாலையை விட்டு, வயலோரப் பாதைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தேங்காயை ஓரிடத்தில் வைத்து, அங்கிருந்து பெரியவர் நடையில் தப்படிகளை எண்ணுங்கள். புதன் 8, வெள்ளி 14, பூமி 20, செவ்வாய் 30. இதுவரை பிள்ளை விளையாட்டாகவே வரும். வியாழனுக்கு 104, சனிக்கு 191, யுரேனசுக்கு 384 என்று நடக்கையில் பேச்சுக் குறையும். 600ஆம் தப்படியில் நெப்டியூன் மிளகை வைத்துத் திரும்பிப் பார்த்தால், தேங்காய் கண்ணுக்கே புலப்படாது. படைப்பின் பெருமையை அந்த வெற்றிடம் உணர்த்துவதுபோல் எந்தச் சொற்பொழிவும் உணர்த்தாது.

ஒளியின் வேகத்தையும் இங்கேயே விளக்கலாம். சூரிய ஒளி பூமியை வந்தடைய ஏறத்தாழ 8 நிமிடங்கள் 20 விநாடிகள் ஆகின்றன. நம் அளவில் அது 20 தப்படி. அதாவது எறும்பு ஊரும் வேகம்!

"நாம் ஒன்பது கோள்கள் என்றல்லவா படித்தோம்?" எனச் சிலர் கேட்கலாம். 2006ஆம் ஆண்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. ஆதலால் பிள்ளை எட்டு என்று சொன்னால் அதுவே சரி.

சூரியனுக்கு அடுத்த விண்மீன் எங்கே என்றும் பிள்ளை கேட்கும். நம் தேங்காய்க் கணக்கில் அது 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால். குமரி முதல் காஷ்மீர் வரை சென்றாலும் எட்டாது. அந்த எறும்பு இரவும் பகலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஊர வேண்டும். ஆல்பா சென்டாரி எனப்படும் அவ்விண்மீனுக்கும் நம் வட்டாரத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் தங்கியிருந்த சேசு சபைக் குரு ழான் ரிஷோ, தொலைநோக்கியால் வால்மீன் ஒன்றை ஆராய்ந்து வருகையில், வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவ்விண்மீன் உண்மையில் இரண்டு என்று கண்டார். மே, ஜூன் மாத முன்னிரவுகளில் தெற்கு அடிவானத்தை ஒட்டி இரு ஒளிமிகுந்த விண்மீன்கள் அருகருகே நிற்கும். தெற்கு நோக்கி நின்றால் இடப்புறம் இருப்பது அதுவே. தொழிற்பேட்டையின் விளக்கொளி படாத இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். பகலில் மட்டும் சூரியனை நேராக நோக்கலாகாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாய்ச் சொல்லி வையுங்கள்.

"நான் அதிகம் படிக்கவில்லையே, எனக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கும் தாய் தந்தையர் நம்மிடையே பலர். அவர்கள் ஒதுங்க ஒதுங்க, பிள்ளை வீட்டில் கேட்பதை நிறுத்திவிடும்; நாளடைவில் வகுப்பிலும் நிறுத்திவிடும். கேள்வி நின்ற இடத்தில் கல்வியும் நின்றுவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இழிவில்லை. "வா, எண்ணிப் பார்ப்போம்" என்று கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். 600 தப்படி நடக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. திரும்பி வந்ததும் தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்துக்கொள்ளலாம், கடுகைத் தாளிக்கலாம். பிள்ளை கேட்ட கேள்வி மட்டும் வீணாகாமல் இருக்கும்.