மாத்திரைகளை மொத்தமாகப் பார்ப்பது யார்?

பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை, தொடக்கத்தில் பலருக்குக் குமட்டலைத் தரும். வாந்தி என்று போய் நின்றால் மெட்டோகுளோபிரமைடு போடுவது வழக்கம். வாந்தி நின்றுவிடும். ஆனால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து டோபமினின் வேலையைத் தடுக்கக்கூடியது. லெவோடோபா கொடுப்பதே அந்த டோபமினைக் கூட்டத்தான். சில நாளில் நடை தளர்கிறது, கை நடுக்கம் கூடுகிறது. நோய் முற்றுகிறது என்று எண்ணி லெவோடோபாவின் அளவை உயர்த்துகிறார்கள். அளவு உயர்ந்ததும், ராத்திரியில் அறைக்குள் யாரோ நிற்பதாகப் பெரியவர் சொல்லத் தொடங்குகிறார். அதை அடக்க ஹாலோபெரிடால் வருகிறது. டோபமினைத் தடுப்பதில் அது இன்னும் வலுவானது. அடுத்து அவரால் கட்டிலை விட்டு எழ முடிவதில்லை. தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்குவதில்லை.

ஒவ்வொரு மருத்துவரும் தன் முன்னால் வந்த தொல்லைக்குத்தான் மருந்து எழுதினார். எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக விரித்துவைத்துப் பார்க்கும் வேலை மட்டும் யாருடையதாகவும் இல்லை. அந்த வேலையை ஒருவர் பெயரில் எழுதிவைத்தாக வேண்டும்.

மேலே சொன்ன தொடரில் மெட்டோகுளோபிரமைடு வரும் கண்ணி வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் அரசு உதவியில் மருந்து வாங்கிய முதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1995-ல் வெளியான ஆய்வு ஒன்று, மெட்டோகுளோபிரமைடு எடுத்தவர்கள் லெவோடோபா தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3 மடங்கு என்று கண்டது. மருந்து உண்டாக்கிய நடுக்கத்தை நோய் என்று எண்ணி, அதற்கு இன்னொரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி நடுக்கத்தை உண்டாக்கப் பல மருந்துகள் காத்திருக்கின்றன. வயிற்று உப்புசத்துக்கு என்று விற்கும் பல கேப்ஸ்யூல்களில் பான்டோபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கிறது. அதுவும் டோபமினைத் தடுப்பதுதான். தலைசுற்றலுக்குத் தரும் சின்னாரிசின், புரோகுளோர்பெரசின், ஒற்றைத் தலைவலிக்கான புளூனாரிசின் ஆகியவையும் அதே பட்டியலில் வரும். கேஸ் மாத்திரைதானே என்று யாரும் அதை நரம்பியல் மருத்துவரிடம் சொல்வதில்லை.

மறதி நோய் சேரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. நோய் பல ஆண்டு நீடித்தால் அது சேராமல் இருப்பது அரிது. சிட்னியில் பார்க்கின்சன் நோயாளிகளை 20 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், கடைசிவரை உயிரோடு இருந்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு மறதி நோய் வந்திருந்தது. ஞாபகத்துக்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்ற மறதி நோய் மருந்துகள் அதைக் கூட்டுகின்றன. நடுக்கத்துக்காகப் பல காலமாக எழுதப்படும் டிரைஹெக்சிபெனிடில் அதன் வேலையைத் தடுக்கிறது. அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் ஆக்சிபியூடினினும் அப்படியே. டோனெபெசிலே சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் செய்யும்; அதற்கு ஆக்சிபியூடினின் எழுதினால், ஒரு கை ஊற்றுவதை இன்னொரு கை வடிக்கிற கதைதான். இரண்டுக்கும் காசு கொடுப்பது குடும்பம்.

அதற்காக இரு நோய்களின் மருந்துகளும் சேரவே கூடாது என்று முடிவுகட்டுவதும் தவறு. பார்க்கின்சனோடு வரும் மறதிக்கு ரிவாஸ்டிக்மின் உதவுகிறது என்பதை 541 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில் மருந்து பெற்றவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் சுமார் 4 சதவீதத்தினருக்கும் நடுக்கம் தொல்லை கொடுத்தது. இந்த விலையைத் தெரிந்துகொண்டு கொடுப்பது மருத்துவம். தெரியாமல் சேர்ந்துபோவதுதான் ஆபத்து.

அந்த ஆபத்தை உலகம் அறிந்த ஒருவர் வாழ்விலும் காணலாம். ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கு 2014 மே மாதம் பார்க்கின்சன் என்று சொல்லப்பட்டது. அதற்கு முந்தைய மாதம், படப்பிடிப்பில் இருந்தபோது வந்த கடும் பதற்றத்துக்கு மனநோய்க்கான மருந்து ஒன்று எழுதப்பட்டது. சிலவற்றில் அது பலன் தந்தது, வேறு சிலவற்றில் நிலைமையை மிகவும் மோசமாக்கியது என்று அவர் மனைவி சூசன் பின்னர் ஒரு நரம்பியல் இதழில் எழுதினார். ஆகஸ்டில் வில்லியம்ஸ் இறந்த பிறகு, பிரேதப் பரிசோதனையில்தான் லூயி உடல் மறதி நோய் தெரியவந்தது. பார்க்கின்சனுக்கு நெருங்கிய உறவான அந்த நோயில் இத்தகைய மருந்துகளின் தீங்கை இங்கிலாந்து மருத்துவர்கள் 1992-லேயே பதிவுசெய்திருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கடுமையான எதிர்விளைவு. இல்லாதது கண்ணில் தெரிந்தால் க்யூடியாபின் அல்லது, ரத்தப் பரிசோதனையோடு, குளோசாபின் தரலாம். ஹாலோபெரிடால் தரவே கூடாது. ஆனால் நள்ளிரவு வார்டில் பெரியவர் ஊசியைப் பிடுங்கி எறியும்போது சட்டென்று கைக்குக் கிடைப்பது ஹாலோபெரிடாலாகவே இருக்கிறது.

நாட்டு மருந்தும் இந்தக் கணக்கில் வர வேண்டும். 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தது இதே லெவோடோபாவைத்தான். நரம்புத் தளர்ச்சிக்கு நல்லது என்று பூனைக்காலிப் பொடியைப் பாலில் கலந்து குடித்துக்கொண்டே ஆங்கில மாத்திரையும் போடுபவர், தனக்கே தெரியாமல் அளவைக் கூட்டிக்கொள்கிறார். குழப்பமும் மாயக்காட்சியும் வந்தால், மறதி நோய் தொடங்கிவிட்டது என்று வீடு பயந்துவிடும்.

பயந்துபோய் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது அதைவிட மோசம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதும் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் மருந்தாளுநரின் வேலை என்று 2015-ல் இந்தியாவில் விதிகள் வந்தன. கடையில் நமக்குக் கிடைக்கும் ஆலோசனை, "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்பதோடு முடிகிறது. 2023-ல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்கிறார்கள். இவ்வளவு பேருக்கும் முதியோர் மருத்துவர் கிடைக்கப்போவதில்லை.

தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வழி ஏற்கெனவே வாசல்வரை வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தருகிறார்கள். அவர்கள் கையில் இன்னொரு தாளையும் கொடுக்கலாம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையும், கேஸ் கேப்ஸ்யூலும் லேகியமும் பொடியும் உட்பட, அதில் ஏறட்டும். ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர் ஆண்டுக்கு இருமுறை அதைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். பார்க்கின்சன் உள்ளவர்களின் தாளில் மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு, ஹாலோபெரிடால் ஆகிய மூன்று பெயர்களும் கொடுக்கக் கூடாதவை என்று சிவப்பு மையில் முன்பே அச்சாகியிருக்கட்டும்.